ஒரு கணக்கு, பல கைகள்

வெளியூரில் வாழும் தமிழர் எங்கே சங்கம் அமைத்தாலும், அது வாடகை இடமாயினும் சொந்தக் கட்டடமாயினும், அதன் மூலையில் ஓர் இரும்புப் பீரோ நிற்பதைக் காணலாம். உறுப்பினர் பதிவேடு, நடவடிக்கைக் குறிப்பேடு, ரசீதுப் புத்தகங்கள், வங்கிப் பாஸ் புத்தகம், பொங்கல் விழாக்களில் எடுத்த புகைப்படங்கள் ஆகிய யாவும் அதனுள் இருக்கும். ஒரு சாவி செயலாளரிடம் இருக்கும். மாற்றுச் சாவி தலைவரிடமோ பொருளாளரிடமோ இருக்கும். பொறுப்பு மாறும் நாளில் சாவியும் கைமாறும். இந்த ஒழுங்கை எவரும் நமக்கு வகுப்பு நடத்திக் கற்பிக்கவில்லை. உலக வழக்கே கற்பித்தது.

இன்று அந்தப் பீரோவில் இருந்தவற்றுள் பெரும்பகுதி, கண்ணுக்குப் புலப்படாத வேறொரு பெட்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. உறுப்பினர் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் கூகுள் டிரைவில் இருக்கின்றன. சங்கத்தின் இணையதளம் வேர்ட்பிரஸ் போன்றதொரு மென்பொருளில் இயங்குகிறது. சந்தா நினைவூட்டலும் விழா அழைப்பும் மின்னஞ்சல் வழியே செல்கின்றன. பெட்டி மாறியது, ஆனால் சாவியைப் பற்றிய பழைய ஒழுங்கு பெட்டியோடு குடிபெயரவில்லை. அதனைக் குறித்தே இத்திங்கள் நம் குடும்பத்தாருடன் சிறிது பேச விழைகிறோம். இது கணினி வல்லுநர்க்கு மட்டும் உரிய செய்தி என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. நம் வீட்டு முகவரியும், நம் தொலைபேசி எண்ணும், மேடையில் ஆடிய நம் குழந்தைகளின் படங்களும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கின்றன.

ஒரே சாவியால் விளைவன

பல சங்கங்களில் வழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. ஆர்வமுள்ள ஓர் அன்பர் சங்கத்தின் பெயரால் ஒரு கணக்கைத் திறக்கிறார். பதிவு செய்வதற்குக் கைபேசி எண் வேண்டும் என்று கணினி கேட்கிறது. தம் எண்ணையே கொடுத்துவிடுகிறார். கடவுச்சொல் ஒன்றே. செயலாளருக்கு அது தெரியும், பொருளாளருக்குத் தெரியும், மலர் தொகுப்பவருக்குத் தெரியும், அழைப்பிதழ் வடிவமைக்கும் கல்லூரி மாணவருக்கும் தெரியும். அடுத்த ஆண்டு புதியவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் அதே சொல் வாட்ஸ்அப்பில் செல்கிறது. பழையவர்கள் அதை மறந்துவிடுவதில்லை. சில ஆண்டுகளில் அந்தச் சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதையே எவரும் சொல்ல இயலாத நிலை உண்டாகிறது.

இந்த முறை எளிதானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதில் மூன்று கேடுகள் மறைந்திருக்கின்றன.

முதலாவது, செய்தவர் யாரென்று அறிய முடியாமை. சந்தாப் பட்டியலில் ஒரு வரி அழிந்துபோயிற்று என்று கொள்வோம். எந்த நாளில், எந்த நேரத்தில் அழிந்தது என்பதை மென்பொருள் குறித்து வைத்திருக்கும். யார் அழித்தார் என்று கேட்டால், சங்கத்தின் பெயரையே காட்டும். எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தமையால் எல்லார்மீதும் ஐயம் படிகிறது. குற்றமற்றவர் தம் குற்றமின்மையை நிறுவ வழியில்லாமற் போகிறார். பல ஆண்டு நட்புகள் இத்தகைய சிறு செய்தியால் கசந்துபோவதுண்டு.

இரண்டாவது, தேவைக்கு மிஞ்சிய அதிகாரம். விழாப் படங்களை ஏற்றுவதற்காகக் கடவுச்சொல் பெற்ற மாணவர், அதே சொல்லைக் கொண்டு உறுப்பினர் பதிவேடு முழுவதையும் நீக்கிவிடவும் முடியும். தீய எண்ணம் வேண்டியதில்லை. ஓடும் பேருந்தில் கைபேசியைப் பிடித்திருக்கும்போது ஒரு விரல் தவறினாலே போதும்.

மூன்றாவதே நம்மவர்க்குச் சிறப்பாக உரியது. நாம் மாற்றலுக்கு உட்பட்டவர்கள். இரயில்வேயிலும், இராணுவத்திலும், வங்கிகளிலும், மத்திய அரசு அலுவலகங்களிலும், தனியார் நிறுவனங்களிலும் பணிபுரிவோர் உத்தரவு வந்த சில வாரங்களில் வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு வேறு மாநிலம் செல்ல நேர்கிறது. சங்கத்தின் கணக்கும் அவருடைய கைபேசியோடு புறப்பட்டுவிடுகிறது. புதிய செயலாளர் உள்ளே நுழைய முயல்கிறார். உறுதிப்படுத்தும் எண் பழைய செயலாளரின் கைபேசிக்குச் செல்கிறது. அவர் அழைப்பை எடுத்தால் நல்லது. அவர் அந்த எண்ணையே விட்டுவிட்டிருந்தால் என் செய்வது? நம் நாட்டில் கைவிடப்பட்ட கைபேசி எண்ணை 90 நாட்கள் வரை வேறொருவருக்கு வழங்குவதில்லை, அதன்பின் வழங்கலாம். அதாவது, எவருடைய தவறுமின்றியே சங்கத்தின் சாவி முன்பின் அறியாத ஒருவர் கைக்குப் போய்ச் சேரக்கூடும்.

இன்னொன்றையும் அன்பர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளையும் அவற்றிலுள்ளவற்றையும் நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் நிறுவனம் 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பரிலிருந்து செயற்படுத்தத் தொடங்கியது. தாம் அமைத்த பழைய கணக்கை ஓர் அன்பர் மறந்துவிட்டால், அதில் சேர்த்து வைத்த விழாப் படங்களும் குறிப்பேடுகளும் ஓசையின்றி மறைந்துபோகலாம்.

ஆள் வேறு, பொறுப்பு வேறு

இத்தொல்லைக்குத் தீர்வு புதிதன்று. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய காலத்திலேயே அறிஞர்கள் இதைப்பற்றிச் சிந்திக்கலாயினர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-இல் செயற்படுத்திக் காட்டப்பெற்ற ஒரு பகிர்வு முறை, பலர் ஒரே பொறியில் ஒரே நேரத்தில் பணி செய்ய வழிவகுத்தது. அவரவர் கோப்பை அவரவரே காண்பதற்காக ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் அதில் வழங்கப்பட்டது. கடவுச்சொல் என்பது தோன்றியபோதே தனியாளுக்கு உரியதாகத் தோன்றியது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகி 1970-களில் வளர்ந்த யூனிக்ஸ், ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், குழுவினர், மற்றையோர் என மூவகையினரைப் பிரித்து, படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகளைத் தனித்தனியே வழங்கியது.

1975-ஆம் ஆண்டில் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இருவர் தகவற் பாதுகாப்பைப் பற்றி எழுதிய ஆய்வுரை இத்துறையில் இன்றும் போற்றப்படுகிறது. அவர்கள் வகுத்த நெறிகளுள் இரண்டு நமக்கு மிகவும் பயன்படுவன. ஒருவர்க்கு அவர் செய்யவேண்டிய பணிக்குத் தேவையான அளவு உரிமையே தரவேண்டும், அதற்கு மேல் தரலாகாது என்பது ஒன்று. பெரிய செயல் எதற்கும் இரண்டு சாவிகள் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு அவர்கள் காட்டிய உவமை வங்கியின் பாதுகாப்புப் பெட்டகம். வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் லாக்கர் திறக்கும் என்பது நகை வைத்திருக்கும் நம் இல்லத்தரசியர் நன்கறிந்த செய்தி.

1992-இல் டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் கூன் என்பவர்கள் இக்கருத்தை இன்னொரு படி உயர்த்தினர். உரிமையை நேரே ஆளுக்குக் கொடாமல், பொறுப்புக்குக் கொடுக்க வேண்டும். ஆளைப் பொறுப்பில் அமர்த்த வேண்டும் என்றனர். 2004-இல் இம்முறை அமெரிக்காவில் தரநிலையாகவே ஏற்கப்பட்டது. கேட்பதற்கு நுணுக்கமாகத் தோன்றினாலும், இது நம் சங்கங்கள் வங்கியில் கையாளும் முறையே. காசோலையில் கையெழுத்திடும் உரிமை பொருளாளர் என்னும் பொறுப்புக்கு உரியது. பொருளாளர் மாறினால் செயற்குழு தீர்மானம் இயற்றி வங்கிக்கு அனுப்புகிறது. வங்கி பழைய கையெழுத்தை நீக்கிப் புதியதை ஏற்கிறது. பணமும் கணக்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பணத்தில் நாம் காட்டும் இந்த விழிப்பைத் தகவலிலும் காட்டவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

ஐந்து பொறுப்புகள்

இணையதளம் நடத்துவதற்கு உலகெங்கும் வழங்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அது தன்னைப் பயன்படுத்துவோர்க்குச் சுழியம் முதல் பத்து வரை நிலை எண்களை வழங்கியது. 2005 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் எண்களை விடுத்துப் பெயர்களைக் கொண்டுவந்தனர். இம்மாற்றத்தில் ஒரு நல்ல பொருள் இருக்கிறது. எண், ‘இவர் எவ்வளவு உயர்ந்தவர்’ என்று சொல்கிறது. பெயரோ, ‘இவர் செய்யவேண்டிய பணி யாது’ என்று சொல்கிறது.

அப்பெயர்கள் ஐந்து. நிர்வாகி என்பவர் தளம் முழுவதையும் ஆள்பவர். புதியவரைச் சேர்ப்பதும், நீக்குவதும், அமைப்பை மாற்றுவதும் அவர் உரிமை. பதிப்பாசிரியர் எவருடைய கட்டுரையையும் திருத்தலாம், வெளியிடலாம், நீக்கலாம். ஆனால் தளத்தின் அமைப்பில் கைவைக்க இயலாது. எழுத்தாளர் தம் கட்டுரையைத் தாமே வெளியிடலாம், படங்களை ஏற்றலாம். பிறர் கட்டுரையைத் தொட முடியாது. பங்களிப்பாளர் எழுதி வைக்கலாம்; வெளியிட முடியாது, படமும் ஏற்ற முடியாது. சந்தாதாரர் தம் பெயர் விவரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு சங்கத்தின் திங்களிதழை இதனோடு பொருத்திப் பார்த்தால் யாவும் விளங்கும். இதழாசிரியர் பதிப்பாசிரியர் பொறுப்பில் இருக்கட்டும். மாதந்தோறும் சமையற் குறிப்பு எழுதும் அம்மையாரையும் சிறுவர் பகுதி எழுதும் ஆசிரியரையும் எழுத்தாளராக அமர்த்தலாம். முதன்முறை எழுத வரும் கல்லூரி மாணவி பங்களிப்பாளராகத் தொடங்கட்டும். ஆசிரியர் கண்ட பின்னரே கட்டுரை வெளிவரும். மாணவிக்கும் அது நன்மையே. தன் முதற் கட்டுரையில் பிழை நேர்ந்து ஊரார்முன் நிற்க வேண்டிய நிலை அவளுக்கு வாராது. நிர்வாகியாக இருவர் போதும். ஒருவர் மட்டும் இருப்பின் அவர் மாற்றலாகிச் செல்லும்போது இடர் வரும். அறுவர் இருப்பின் யார் எதை மாற்றினார் என்பதில் குழப்பம் வரும்.

இங்கே ஒரு நுட்பமான செய்தியைக் கூறவேண்டும். தலைவர் என்ற காரணத்தால் அவர்க்கு நிர்வாகி உரிமை கொடுத்தாக வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. மரியாதைக் குறைவாகுமோ என்ற அச்சமும் உண்டு. நாற்பது ஆண்டு தொண்டாற்றிய பெரியவர்க்கு மேடையில் முதல் இருக்கை தருவது மரியாதை. அவர் ஒருநாளும் திறக்கப் போகாத பெட்டியின் சாவியை அவர் சட்டைப் பையில் இடுவது மரியாதையன்று, சுமை. அச்சாவி களவு போனால் பழியும் அவரையே சேரும். மென்பொருளில் உள்ள பொறுப்பு பணியின் அளவைக் குறிப்பது. மனிதரின் மதிப்பைக் குறிப்பதன்று.

பார்ப்பவர், திருத்துபவர், உரியவர்

கூகுள் டிரைவில் ஒரு கோப்பைப் பகிரும்போது, பார்ப்பவர், கருத்துரைப்பவர், திருத்துபவர் என மூன்று நிலைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம். அவற்றுக்கு மேலே உரியவர் என ஒருவர் இருக்கிறார். தணிக்கையாளர்க்கு வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும் உரிமையும் கருத்துரைக்கும் உரிமையும் போதும். எண்ணைத் திருத்தும் உரிமை அவர்க்கு இருத்தலே கூடாது. பொருளாளர் திருத்துபவராக இருப்பார். பொதுக்குழு உறுப்பினர்க்கு ஆண்டறிக்கையைப் பார்க்கும் உரிமை போதும்.

திருத்துபவர் என்னும் நிலையில் பலர் அறியாத ஓர் உரிமை அடங்கியிருக்கிறது. நாம் மாற்றி அமைக்காத வரையில், அவர் அக்கோப்பைப் பிறர்க்கும் பகிரலாம். அமைப்புப் பகுதிக்குச் சென்று அவ்வுரிமையை நிறுத்திவைக்கலாம். அவ்வாறே, ‘இணைப்பு உள்ள எவரும் காணலாம்’ என்ற வசதியை உறுப்பினர் பதிவேட்டுக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அந்த இணைப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குச் செல்ல ஒரு நொடி போதும். திரும்ப அழைக்க வழியில்லை.

உரியவர் என்பது இன்னும் முக்கியமானது. ஒருவர் தம் சொந்தக் கணக்கில் உருவாக்கிய கோப்பு, அதை ஐம்பது பேர் பயன்படுத்தினாலும், அவருடையதே. அவர் தம் கணக்கை மூடினால் கோப்பும் போகும். ஊரைவிட்டுச் செல்லுமுன் உரிமையைப் புதியவர்க்கு மாற்றித் தரலாம். புதியவர் அதனை ஏற்றுக்கொண்டால்தான் மாற்றம் நிறைவுபெறும். இதைவிடச் சிறந்த வழி, நிறுவனங்களுக்கென அமைந்த பகிர்வு டிரைவைப் பயன்படுத்துதல். அதில் கோப்புக்கு உரியவர் தனியாள் அல்லர், நிறுவனமே. உருவாக்கியவர் விலகினாலும் கோப்பு நிலைத்திருக்கும்.

உறுப்பினர் நம்மிடம் ஒப்படைத்தது

இத்தனை கவலை எதற்கு என்று கேட்போர் உறுப்பினர் பதிவேட்டை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். பெயர், வயது, வீட்டு முகவரி, தொழில், கைபேசி எண், சொந்த ஊர், பிள்ளைகளின் பிறந்த நாள் என யாவும் ஒரே தாளில் இருக்கின்றன. முதியவர் இருவர் மட்டும் தனித்து வாழும் வீடு எது என்பதையும், எந்தக் குடும்பம் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் என்பதையும் அறிய விரும்பும் ஏமாற்றுக்காரனுக்கு இதைவிட நல்ல கையேடு கிடைக்குமா? தமிழில் பேசி, சொந்த ஊரின் பெயரைச் சொல்லி, சங்கத்தின் பெயரால் நன்கொடை கேட்டால், வெளியூரில் தாய்மொழியைக் கேட்ட மகிழ்ச்சியில் நம் பெரியவர்கள் எளிதில் நம்பிவிடுவர்.

2023-ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற விவரத்தை அந்நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பதும், அதைத் தக்கவாறு காக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் அடிப்படைக் கருத்துகள். சட்டம் சொல்வதற்கு முன்பே நம் மனச்சான்று சொல்லவேண்டிய செய்தி அது. உறுப்பினர் தம் முகவரியைத் தந்தது இதழ் வந்து சேர்வதற்காக. விழா அழைப்பிதழ் வடிவமைப்பவர் அதைக் காணவேண்டும் என்பதற்காக அன்று.

நம்பிக்கைக்குக் குறைவா?

“நாமெல்லாரும் ஒரு குடும்பம், நமக்குள் இப்படிப் பூட்டும் அளவும் வேண்டுமா? எங்களை நம்பவில்லையா?” என்று சிலர் வருந்தலாம். அவ்வருத்தம் இயற்கையானதே. ஆனால் அளந்து தந்த உரிமை, ஐயத்தின் விளைவன்று. நல்லவர்க்கு அமைந்த அரண் அது. தம் பெயரில் தனிக் கணக்கு உடையவர் மீது பிறர் செயலின் பழி ஏறாது. நீக்கும் உரிமை இல்லாதவர் மீது ‘நீ நீக்கினாய்’ என்று எவரும் சொல்ல இயலாது. பொருளாளர் காட்டும் ரசீது அவர் நேர்மையைக் குறைக்கிறதா, காக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊராட்சி வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பணிகளைப் பிரித்தனர். பொறுப்புக்குக் காலவரையறை வைத்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வர இயலாது என்றனர். ஒருவரையொருவர் நன்கு அறிந்த சிற்றூரிலேயே இத்தனை வரையறை வேண்டியிருந்தது. ஏரி வாரியத்தார் தோட்டத்தைத் தொடாமல் இருந்தமையால் அவர்கள் பெருமை குறைந்துவிடவில்லை.

கைமாறும் நாளில்

இனிச் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவதாக, சங்கத்துக்கு எத்தனை கணக்குகள் உள்ளன, ஒவ்வொன்றும் யாருடைய மின்னஞ்சலையும் எந்தக் கைபேசி எண்ணையும் பற்றி நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதுக. பல சங்கங்களில் இத்தாளே பலருக்கு வியப்பைத் தரும். இரண்டாவதாக, பொதுக் கடவுச்சொல்லை ஒழித்து, பணி செய்யும் ஒவ்வொருவரையும் அவரவர் பெயரில் சேர்த்து, அவரவர் பணிக்கு ஏற்ற பொறுப்பில் அமர்த்துக. மூன்றாவதாக, ஒவ்வொரு கணக்குக்கும் உயர்ந்த உரிமை உடையவர் இருவர் இருக்குமாறு செய்க. அவ்விருவரும் ஒரே அலுவலகத்தில் பணிபுரிபவராக இல்லாமல் இருத்தல் நன்று; ஒரே உத்தரவில் இருவரும் மாற்றலாகிவிடக் கூடும் அன்றோ! நான்காவதாக, விழாவுக்காகச் சில வாரங்களுக்கு மட்டும் சேர்த்த தொண்டர்களை விழா முடிந்ததும் நன்றி கூறி விடுவித்து, அவர்கள் உரிமையையும் விடுவிக்க.

ஐந்தாவது, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த அன்றே புதிய செயலாளரும் பழைய செயலாளரும் ஒன்றாக அமர்ந்து யாவற்றையும் கைமாற்றுக. மீட்பு எண்ணாகப் பழையவரின் கைபேசி இருந்தால் அவர் ஊரில் இருக்கும்போதே அதை மாற்றிவிட வேண்டும். வேர்ட்பிரஸில் பழையவரின் பெயரை நீக்கும்போது ஓர் எச்சரிக்கை: அவர் எழுதியவற்றையும் சேர்த்து நீக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா என்று மென்பொருள் கேட்கும். அவசரத்தில் முதலாவதைத் தேர்ந்தால் அவர் பல ஆண்டுகள் வெளியிட்ட கட்டுரைகள் எல்லாம் அழிந்துவிடும். நீக்காமல் சந்தாதாரர் நிலைக்கு மாற்றிவிடுதலே எளிது; கட்டுரையும் நிற்கும், எழுதியவர் பெயரும் நிற்கும், சாவி மட்டும் திரும்பிவிடும்.

கைமாற்றம் நடந்தது என்பதை நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதி இருவரும் கையெழுத்திட்டால் இன்னும் சிறப்பு. கடவுச்சொல்லை மட்டும் அக்குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள்.

இதற்குப் பொருட்செலவு அதிகமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும், நம் வீட்டு இளைஞர் இருவரின் துணையும், ஒரு கெட்டில் காப்பியும் இருந்தால் பணி முடிந்துவிடும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அன்பர்கள் தத்தம் செயலாளரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்நகருக்கு இன்று வருவோரும் நாளை செல்வோருமாக நம் வாழ்வு அமைந்திருக்கிறது. செல்பவர் மனநிறைவோடு செல்லவும், வருபவர் திறந்த கதவைக் காணவும், இடையில் இருக்கும் குடும்பங்கள் அச்சமின்றித் தம் முகவரியைத் தரவும் இந்த ஒழுங்கு துணைசெய்யும்.